மாமியாரைத் துரத்திய மாப்பிள்ளை

மாமியாரைப் பாடாய்ப் படுத்திய மருமகன்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். மரியாதை கொடுத்தே மாமியாரை ஆபத்தில் தள்ளியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தால் யாராவது இதைச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும், அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

என் மனைவி செல்வியின் வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் மாமியார் இருக்கக் கூடாது, எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும் என்பது அத்தையின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் இருந்ததே ஒரே அறை. ஆகவே நான் உள்ளே நுழைந்தால் அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். கல்யாணமாகி ஒரு வருஷம் வரைக்கும் அவர் வைத்த மீன் குழம்பை வளைத்து வளைத்துச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தது கல்யாண ஆல்பத்தில்தான். பேச்சும் நேராகக் கிடையாது. "ஏட்டி, மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். (சுவர் என்ன சுவர், தகரம்தான். நான் மெல்லுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.)

அப்படிப்பட்ட அத்தைக்கு செம்பூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறவன். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு, மறுநாளே இளநீரும் ஆப்பிளுமாகப் போய் இறங்கினேன்.

என்னைக் கண்டதும் அத்தை பதறிப்போய்க் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா?

"ஐயையோ, எழும்பாதீங்க அத்தை! அசையவே கூடாது. நல்லா ரெஸ்ட் எடுங்க."

வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். எதிர்க் கட்டில் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், நமக்கு இப்படி ஒரு மருமகன் வாய்க்கவில்லையே என்கிற ஏக்கம் இருந்தது. (எனக்கு அப்படித்தான் தெரிந்தது.) அத்தை போர்வையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டு கட்டையாகப் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சின்ன வயசு மராத்திப் பெண். "சலோ ஆண்ட்டி, தோடா சல்தே ஹை" என்று நடக்கக் கூப்பிட்டாள். அத்தை அசையவில்லை. சரி, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழுமாவது ஆட்டுங்கள் என்றாள். அதுவும் நடக்கவில்லை. என்னம்மா என்று செல்வி குனிந்து கேட்டாள்.

"மாப்ள முன்னாடி காலை ஆட்டுததா? என்ன பேச்சுட்டி பேசுத? அவுகளே அசையக் கூடாதுன்னுட்டாவ."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அந்தப் பெண்ணிடம் என் ஓட்டை இந்தியில், நேற்று ஆபரேஷன் ஆனவரை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். டாக்டரிடம் சொல்கிறேன் என்று அவள் போய்விட்டாள். அத்தைக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள், கால்களில் இறுக்கமான வெள்ளைச் சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். இதெல்லாம் எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்வையாளர் நேரம் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பாசம்.

அடுத்த நாள் காலையில் அத்தைக்கு மற்ற காலில், ஆபரேஷன் செய்யாத காலில், கெண்டைச்சதை வீங்கி வலித்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் தேங்கி உறைஞ்சுடும். அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஊசி, சாக்ஸ் எல்லாம் அதைத் தடுக்கத்தான். ஆனா இவங்க நடந்தே ஆகணும். யாரு இவங்கள அசையக் கூடாதுன்னு சொன்னது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு அப்பா கிடையாது. இருப்பது இந்த அம்மா ஒருத்திதான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நல்ல வேளை, கட்டி எதுவும் இல்லை. திரும்பி வந்ததும் அத்தையிடம், "தயவுசெய்து எழும்பி நடங்க அத்தை" என்று கெஞ்சினேன்.

அத்தை மகளிடம் சொன்னார்: "அவுக இருக்கும்போது நான் எப்படிட்டி நடந்து காட்டுவேன்? வெளிய போவணும்னா போறேன்."

செல்விக்குச் சட்டென்று பொறி தட்டியது. "ஏங்க, நீங்க இந்த நாற்காலில உக்காருங்க. வாயத் தொறக்காதீங்க, அது போதும்!"

உட்கார்ந்தேன். தடுத்து வைக்க இப்போது என் வாய் இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் மாமியார் இருக்கக் கூடாதே, அத்தை எழுந்தார். பிசியோ பெண் பிடித்துக்கொள்ள, வாக்கரை ஊன்றி, அடி மேல் அடி வைத்து வராந்தாவுக்குப் போய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று விட்டு, செல்வி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வராந்தாவுக்குப் போனேன். அத்தை எழுந்து வார்டுக்குத் திரும்பினார். அப்புறம் நான் வார்டுக்குப் போனேன்.

இப்படியே காலையும் மாலையும் நடந்தது. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தடியன், வாக்கர் பிடித்த ஒரு பெரியம்மாளை நிற்க விடாமல் துரத்துகிறான். வாட்ச்மேன் வந்து என் தோளைப் பிடித்துவிட்டார். "ஆண்ட்டிகோ க்யோ சதா ரஹா ஹை?" ஏன் இந்த அம்மாவைத் தொல்லை பண்ணுகிறாய் என்கிறார். என் மாமியார்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது, பிடி இன்னும் இறுகியது. எதிர்க் கட்டில் அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பழைய ஏக்கம் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் அத்தை வாக்கரோடு திரும்பி நின்று, முதல் முறையாக, நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, நீங்க ஒரு எடத்துல உக்காரவே மாட்டியளா?"

செல்வி சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். வாட்ச்மேன் எதுவும் புரியாமல் கையை எடுத்தார். அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அத்தை இப்போது லேபர் கேம்ப்பிலிருந்து சயான் வரைக்கும் காய் வாங்க நடந்தே போய்வருகிறார். நான் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைப் போட்டுவிட்டு, "மாப்ள, ஒரு எடத்துல உக்காரவே மாட்டியளா?" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். சின்னப் பிள்ளைகள்கூட.

போன வருஷம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து, வலியில் முனகிக்கொண்டு, இனி அசைவதில்லை என்று படுத்திருந்தேன். அத்தை உள்ளே வந்தார். வெளியே போகவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டமாக என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழும்புங்க மாப்ள," என்றார். "நீங்க வராந்தாவுக்குப் போற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."