மகளின் வகுப்பிலிருந்து என்னை நிறுத்தினார்கள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். சண்டை பிடித்தவனை ஒரு கிழமை நிறுத்துவார்கள், ஜன்னல் கண்ணாடி உடைத்தவனை இரண்டு கிழமை. ஆனால் கல்முனைப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் தகப்பனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய சம்பவம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அந்தத் தகப்பன் நான். அப்போது எனக்கு நாற்பத்திமூன்று வயது. (நற்சான்றுப் பத்திரமும் தரவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் லிகிதராக இருந்தேன். வாய்க்கால் கதவுகள், சீமெந்து மூடைகள், மண்வெட்டிப் பிடிகள் என்று எதையாவது எண்ணிப் பதிவதுதான் வேலை. அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். பள்ளிவாசலில் மின்விசிறிகளை எண்ணுவேன். (அது பாவமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.)

நான் பிறந்தது பொத்துவில். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே வீடு மனைவியுடையது, வளவு மனைவியுடையது, சுற்றியிருந்த எட்டு வீடுகளும் மனைவியின் சொந்தக்காரர்களுடையவை. என் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் நான் ஒருவன்தான் வருவேன். ஒருவன் என்றால் கூட்டலில் பிழை வராது.

எங்களுக்கு ஒரே மகள், நபீலா. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அதிதிறமைச் சித்தி எடுத்தாள். டாக்குத்தராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். ஊரில் பெண்கள் பாடசாலையில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்குக் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது. விஞ்ஞானம் ஆண்கள் பாடசாலையில். அங்கே போய்க் கேட்டேன். இடம் இல்லை என்றார் அதிபர். வெளியே வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்து எண்ணினேன். முப்பது கதிரைகள், இருபத்திரண்டு பையன்கள்.

கந்தோர் வேலையாக நான் சந்திக்கும் ஒரு சட்டத்தரணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டே வசனத்தில் முடித்தார். அரசாங்கப் பாடசாலையில் தகுதி இருந்து இடமும் இருந்தால் பெண்பிள்ளை என்பதற்காக மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அந்த இரண்டு வசனங்களையும் நான் ஒரு மாதம் சாப்பிட்டேன். காலையில் ரொட்டியோடு சொல்வேன், இரவில் சோற்றோடு சொல்வேன். என் மனைவி எழுந்து கோப்பை கழுவப் போய்விடுவாள். நபீலா மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மனைவியின் மூத்த சகோதரர் மீராசாகிபு மச்சான் மருதமுனையில் சாரன் நெய்விக்கிறவர். ஊரில் பெரிய வாய். அவர் வந்து சொன்னார்:

"மச்சான், இது ஸ்கூல். கோடு கச்சேரி இல்ல. கொமர்ப் புள்ளய வெச்சிக்கிட்டு சட்டம் கதைக்கப் போறீங்களா?"

"உரிமை எண்டு ஒண்டு இரிக்கி மச்சான்."

"இரிக்கட்டும். அது ஒங்கட ஊர்ல இரிக்கட்டும்."

பெற்றார் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். இரண்டு வசனங்களையும் சொன்னேன். பிறகு முப்பது கதிரைக் கணக்கையும் சொன்னேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"சரி. புள்ள வரட்டும். ஆனா ஒரு பொம்புளப் புள்ள இருபத்திரெண்டு பொடியன்மாரோட தனிய இரிக்க ஏலா. வீட்டு ஆள் ஒருத்தர் கூட வந்து வகுப்புல குந்தணும். சம்மதமா?"

உரிமை தெரிந்தவன் என்றால் அந்த நிபந்தனையையும் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ வெற்றி தலைக்கேறியிருந்தது. சம்மதம் என்றேன். (சட்டத்தரணி பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "அத ஏன் மனுசன் ஒத்துக்கிட்ட நீங்க?")

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள்:

"ஆர் போற?"

"நீங்கதான். வேற ஆர்?"

"பொடியன்மாருக்கு நடுவில முக்காடு போட்டுக் குந்திக்கிட்டு நான் தவளை அறுக்கிறதப் பாக்கிறதா? சம்மதம் எண்டு சொன்ன வாய் போகட்டும்."

நபீலாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சேமித்து வைத்திருந்த லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு, சாரனை மாற்றி நீளக் காற்சட்டை போட்டு, மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

பின்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். பையன்கள் இருபத்திரண்டு, நபீலா இருபத்திமூன்று, நான் இருபத்துநான்கு. பையன்கள் எனக்கு வைத்த பெயரும் அதுதான், இருபத்துநாலு. இடைவேளையில் கிணற்றடியில் நின்று, "இருபத்துநாலுக்கு தூக்கம் வருது" என்பார்கள். உண்மையில் வந்தது. தூக்கத்தை விரட்டுவதற்காக எண்ணத் தொடங்கினேன். கூரையில் உடைந்த ஓடுகளை எண்ணினேன். ஒவ்வொரு பையனும் எத்தனை முறை கொட்டாவி விடுகிறான் என்று எண்ணினேன். அவை முடிந்த பிறகு, ரசாயன மாஸ்டர் யாரிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். அதுதான் கெட்ட காலம்.

ரசாயன மாஸ்டர் இளம் ஆள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை அந்தப் பாடத்துக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். மெதுவாகக் கதைப்பார். ஆனால் என் மகளிடம் கேள்வி கேட்பதே இல்லை. ஒரு கிழமை பார்த்தேன். இரண்டாவது கிழமையும் பார்த்தேன். பையன்களுக்கு அறுபத்தொரு கேள்வி. என் மகளுக்குப் பூச்சியம்.

இரண்டாம் கிழமையின் கடைசி நாள். மாஸ்டர் சோதனைக் குழாயை நெருப்பில் பிடித்துக்கொண்டிருந்தார். நிறம் மாறப்போகிறது, எல்லோரும் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சேர், ஒரு விஷயம்."

"இருங்க, முடியட்டும்."

"முடிஞ்சா மணி அடிச்சிரும். இந்த வகுப்புல இருபத்திமூணு மாணவர் இரிக்கி. அறுபத்தொரு கேள்வி கேட்டிரிக்கீங்க. என்ட மகளுக்கு ஒண்டுமில்ல. அரசாங்கப் பாடசாலையில சம உரிமை எண்டு ஒண்டு இரிக்கி. நீங்க கேக்காம விடுறதுக்குக் காரணம் இரிந்தா எழுத்துல தாங்க."

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். பிறகு இருபத்திரண்டும் சிரித்தது. அந்தக் கவனக்குறைவில் சோதனைக் குழாய் வெடித்தது. மாஸ்டர் கையில் மிஞ்சியிருந்த துண்டை மேசையில் வைத்தார், சோக்குத் தூசியைத் தட்டினார், வெளியே நடந்தார். நபீலா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முக்காட்டின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அது ஆடவே இல்லை.

வீடு திரும்பும்போது சைக்கிளில் பின்னால் ஆள் இருக்கிறதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு அமைதி. அன்று மாலை எனக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போன நபீலா அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன்பே எட்டு வீட்டுக்கும் செய்தி எட்டிவிட்டது. எட்டு வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. பள்ளிவாசலில் என் பக்கத்தில் தொழுதவர் சலாம் கொடுத்த கையோடு எழுந்து போனார். பையன்களின் வாப்பாமார் என்னைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் மாறினார்கள். காரணம் இருந்தது. மாஸ்டர் இடமாற்றம் கேட்டு எழுதப்போகிறார் என்று பேச்சு. அவர் போனால் இருபத்திரண்டு பையன்களுடைய விஞ்ஞானமும் அவரோடு போய்விடும்.

அதிபர் என்மேல் முறைப்பாடு எழுதினார். நான் சும்மா இருப்பேனா? வட்டாரக் கல்வி அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும், முறைப்பாட்டின் பிரதி வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், என் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பிரதி கிடைத்தது, அவகாசமும் கிடைத்தது, அதிகாரியும் வருவதாக அறிவித்தார்கள். சாட்சிதான் கிடைக்கவில்லை. கடைசியில் மீராசாகிபு மச்சானிடம் போனேன்.

"வாறன் மச்சான்," என்றார். "ஆனா எந்தப் பக்கம் குந்துற எண்டு அங்க வந்துதான் சொல்லுவன்."

வந்தார். அதிபர் பக்கத்தில் குந்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான். நபீலா கதவோரமாக நின்றாள்.

அதிகாரி முறைப்பாட்டை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க இந்தப் பாடசாலை மாணவரா?"

"இல்ல."

"ஆசிரியரா?"

"இல்ல."

"அப்ப ஒங்கள எந்தச் சட்டத்துல விசாரிக்கிற எண்டு எனக்கே விளங்கல்ல. வெளியாள நிப்பாட்டுறதுக்கு விசாரணை தேவையில்ல. வாசல் கேற்றப் பூட்டினாப் போதும். நீங்க எழுதிக் கேட்டதாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தது."

நான் அறுபத்தொரு கேள்விக் கணக்கை எடுத்து வைத்தேன். அதிகாரி மாஸ்டரின் பக்கம் திரும்பினார். மாஸ்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"சேர், முதல் நாள் நான் அந்தப் பிள்ளையிட்ட ஒரு கேள்வி கேட்டன். அமோனியாட மணம் எப்படி இரிக்கும் எண்டு. பிள்ளை எழும்புறதுக்குள்ள பின்னால இருந்து இவர் பதில் சொல்லிட்டார்."

"என்ன சொன்னவர்?"

மாஸ்டர் அதிபரைப் பார்த்தார். அதிபர் கூரையைப் பார்த்தார்.

"மூத்திரம் எண்டு சொன்னவர் சேர். வகுப்பே சிரிச்சது. பிள்ளைட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சி. அதுக்குப் பிறகு நான் அவவப் பாத்தாலே இவர் பின்னால பாதி எழும்புவார், வாய் அசையும். பிள்ளை வெக்கப்படக் கூடாதெண்டு நான் கேக்கிறத விட்டுட்டன்."

எல்லாவற்றையும் எண்ணியவன், அந்த ஒன்றை எண்ணவில்லை. (விடை என்னவோ சரிதான். அதை அந்த இடத்தில் சொல்லவில்லை.)

அதிகாரி பேனையைத் திறந்தார். "துணைக்கு வந்தவர் வகுப்பைக் குழப்பியிரிக்கார். அவர் இனி வர ஏலா. துணை இல்லாட்டி பிள்ளையும் இரிக்க ஏலா எண்டது நிபந்தனை. அப்ப மகள கலைப்பிரிவுக்கு அனுப்பிற வழிதான் இரிக்கி."

என் இரண்டு வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரு மாதம் சாப்பிட்டவை எங்கே போயின என்று தெரியவில்லை. மச்சானைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சேர், நான் கதைக்கலாமா?" கதவடியிலிருந்து குரல்.

"ஒங்கட பிரச்சினைதானே. கதைங்க மகள்."

"தகுதி இரிந்து இடமும் இரிந்தா பொம்புளப் புள்ள எண்டு மறுக்க ஏலா. மறுத்தா காரணம் எழுத்துல தரணும். வாப்பா வீட்டுல ஒவ்வொரு நாளும் சொல்ற. அதுல வாப்பாவும் கூட இரிக்கணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல சேர். அந்த நிபந்தனை வாப்பா ஒத்துக்கிட்டது. நான் ஒத்துக்கல்ல. என்னட்ட ஒருத்தரும் கேக்கவுமில்ல."

"தனிய வருவீங்களா?"

"வருவன். வாப்பாவ எடுத்திட்டு என்ன விடுங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். முதலில் சத்தமாகச் சிரித்தது மீராசாகிபு மச்சான்தான். அதிகாரி இரண்டு வரியில் தீர்ப்பை எழுதினார். மாணவி தொடர்ந்து படிக்கலாம். தந்தை வகுப்பறைக்குள் பிரவேசிக்கலாகாது. நான் அதற்கும் ஒரு பிரதி கேட்டேன். கொடுத்தார்கள்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். நபீலா வந்தாள்.

"நீங்க போங்க வாப்பா. எனக்கு இன்னும் ரெண்டு பாடம் இரிக்கி."

அது ஒரு கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் பேச்சு. நான் போனேன். பாரமில்லாத சைக்கிள் மணலில் வழுக்கி வழுக்கிப் போனது.

எடுத்த லீவில் இருபத்தெட்டு நாள் மிச்சமிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கக் கந்தோருக்குப் போனால் காரணம் சொல்ல வேண்டிவரும். ஆகவே வீட்டிலேயே இருந்தேன். பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும், இப்போது தாவரவியல், இப்போது பௌதிகம் என்று சொல்லிக்கொள்வேன். ரசாயனம் வரும்போது எழுந்து முற்றத்தில் நடப்பேன். மாலையில் அவள் வந்தால், இன்று மாஸ்டர் கேள்வி கேட்டாரா என்று கேட்க வாய் வரும். கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்த வகுப்பில் மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களுடைய வாப்பாமாரிடம் யாரும் துணைக்கு ஆள் கேட்கவில்லை. (கேட்டு ஒருமுறை பட்டது போதும் என்று அதிபர் சொன்னாராம்.) நபீலா இரண்டாம் தடவை பரீட்சை எழுதி மருத்துவத்துக்குப் போனாள். இப்போது கடலுக்கு அப்பால் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். உடம்பு எப்படி என்று கேட்பாள், நான் சொல்வேன். அதற்குப் பிறகு இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியாது.

மீராசாகிபு மச்சான் அந்தக் கதையைச் சாகும்வரை விடவில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் புது ஆட்களுக்கு என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: "இவர் என்ட மச்சான். ஏ.எல். சயன்ஸ் படிச்ச ஆள். பாதியில நிப்பாட்டிட்டாங்க." வீடே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். பிறகு பிறகு கோபம் வருவதும் நின்றுவிட்டது. அவர் சொல்ல மறந்தால் நான் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் மௌத்தான பிறகு என் மனைவி கொஞ்ச நாள் சொன்னாள். அவளும் போய்விட்டாள்.

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். சகன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்திச் சாப்பிட வேண்டும். என் சகனில் மற்ற ஐந்து பேரும் இளம் பையன்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. எதிரே இருந்தவன் மரியாதைக்காகக் கேட்டான்:

"நீங்க எதுவரைக்கும் படிச்ச, ஹாஜியார்?"

"ஏ.எல். சயன்ஸ்," என்றேன். "பாதியில நிப்பாட்டிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவன் முகம் வாடிவிட்டது. சகனில் இருந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"அந்தக் காலத்துல எல்லாருக்கும் கஷ்டம்தானே ஹாஜியார்," என்றான். "சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.