உர்மிளாவின் விடுவிப்புக் கடிதப் படலம்

வாழ்க, நமாகா ஊரின் மாவீரன் தேவேந்திரா! விமானங்களுக்குச் சோறு சமைத்தனுப்பும் பெருஞ்சமையற்கூடத்தின் கணினிக் காவலன், சர்வர்கள் வாழும் குளிர்சாதன அறையின் தனிப்பெருங்கோமான், சாவிக்கொத்தே அணிகலனாய்ப் பூண்ட செம்மல்! கலைமகளே, அவன் புகழ்பாட என் நாவில் வந்தமர்க. பதினோரு மணி விமானத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் எம் தீவுநாட்டின் ஆட்சி கவிழ்ந்தபின், ஆக்லாந்தும் பிரிஸ்பேனும் நோக்கி ஊழியர்கள் திரள்திரளாய்ப் புறப்பட, ஒருவர் பெயருக்கெதிரே 'நாட்டை விட்டுச் சென்றவர்' என்று பதிந்த கணமே தரவுத்தள மென்பொருள் மூர்ச்சித்து விழுந்தது. போகிறவர்களைத் தாங்கும் நெஞ்சு அதற்கில்லை, பாவம். அன்று போகவிருந்தவளோ ஊழியர் பிரிவுத் தலைவி உர்மிளா. அப்படிப் பதிந்தால்தான் வரும் விடுவிப்புக் கடிதம் அச்சாகாவிட்டால் ஆக்லாந்தில் அவளுக்கு வேலை இல்லை.

"தேவ் பையா, பதினோரு மணிக்கு பிளேன்! லெட்டர் இல்லாட்டி நான் போயி என்னா செய்ய?" என்று, அண்ணன் முறைக்குச் சொல்லும் 'பையா'வோடு முழங்கினாள்.

சிட்னியிலிருந்து பிழைதிருத்திய புதுப் பதிப்பு வந்திறங்கியிருந்தது. அதை நேரே ஏற்றுவது மூடர் செயலென உணர்ந்த அம்மதிநுட்பப் பெருங்கடல், முதலில் நகல் சர்வரில் ஏற்றி, நூறுமுறை அடித்து வருத்தி, வீழாமை கண்டு, தோற்றால் பின்வாங்கவென்று பழைய பதிப்பைக் குறுந்தட்டில் பொதிந்து சட்டைப்பையில் செருகி, அதன்பின்னரே சமையற்கூடம் முழுவதும் நம்பியிருக்கும் அசல் சர்வரில் கைவைத்தான்.

"முதல் அடி எவர்மேல் விழும்? உர்மிளாவின் பதிவு சிதைந்தால் கடிதமும் சிதையும். பிறர் பதிவைத் தொடேன். விழுவது என்மேலேயே விழுக!" என்று சூளுரைத்து, தன் பெயருக்கெதிரே 'நாட்டை விட்டுச் சென்றவர்' எனப் பதிந்து, கண்ணை இறுக மூடிப் பொத்தானை அழுத்தினான்.

உறுமின மின்விசிறிகள்! நடுங்கின கம்பிகள்! மென்பொருளோ மலைபோல் நின்றது! அடுத்த நொடியே உர்மிளாவின் பதிவும் கரையேற, அச்சுப்பொறி அக்கடிதத்தை ஈன்றது. அவள் அழுதாள், சிரித்தாள், அவன் தலையில் செல்லமாய் ஒரு குட்டு வைத்து டாக்சியில் ஏறினாள். வீரனுக்கோ, கேன்டீனில் எதிரே உட்கார்ந்து வம்பளக்க இனி யாருமில்லை.

ஆயினும் வெற்றி வெற்றியே! பன்னிரண்டரை மணிக்கு, பசித்த வேங்கையெனக் கேன்டீன் புகுந்து, தன் ஊழியர் அட்டையை இயந்திரத்தில் தேய்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பையா, நீ நாட்ட விட்டுப் போயிட்டியாமே, மெஷின் சொல்லுது," என்றாள் கரண்டியேந்திய சரோஜ்.

சட்டைப்பைக் குறுந்தட்டு மென்பொருளைத்தான் திருப்பும், ஆளைத் திருப்பாது. சென்றவரை மீண்டும் சேர்க்கும் கடவுச்சொல்லை அறிந்தவள் ஊழியர் பிரிவுத் தலைவி ஒருத்தியே. அவளோ முகில்கடந்த உயரத்தில், அதே சமையற்கூடத்துக் கோழிக்கறியைச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று தேவேந்திராவுக்கு மத்தியானச் சோறு கிடைக்கவில்லை.