மூட்டை யாரையும் கடிக்கவில்லை

அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் சௌக்கியம். 'சௌக்கியம்' என்று எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியிருக்கிறேன். காலமெல்லாம் அச்சகத்தில் புரூஃப் திருத்திய கை ஒரு சொல்லுக்கு இந்தத் தடுமாற்றம் தடுமாறுகிறது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அங்கே உங்கள் உடம்பும் அத்தானின் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் "அக்கா" என்று வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

விஷயம் இதுதான். என் மகளும் மாப்பிள்ளையும் மாற்றலாகிப் போன ஊரில் நாய் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வாடகை வீடு கிடைத்தது. ஆகவே அவர்கள் வளர்த்த மூட்டையை எங்களிடம் விட்டுப் போனார்கள். மூட்டை என்பது நாயின் பெயர். எந்த ஊரில் எந்த நாய் யாரைக் கடித்தாலும் பேப்பரில் ஒரு நாய் படம் போடுவார்களே, குடம் மாதிரித் தலையும் திறந்த வாயுமாக, அந்த ஜாதி. அது வருவதைப் பார்த்தால் எதிரே வருகிறவர்களுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஆனால் அக்கா, அது பயப்படாத பொருள் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மிக்ஸிக்குப் பயம், விரித்த குடைக்குப் பயம், பல்லிக்குப் பயம், தனக்கே விக்கல் வந்தால் யார் செய்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். தலை மட்டும்தான் உள்ளே போகும், மிச்சம் முழுக்க வெளியே நிற்கும். முழுசாக ஒளிந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். அதன் மனம் நோகக் கூடாதென்று நாங்களும் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் நடிப்போம்.

இப்படி நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு பழைய பி.டி. மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவர். மாடிப்படியில் யாராவது வேகமாக இறங்கினால் ஊதுவார், மெதுவாக இறங்கினாலும் ஊதுவார். அவருக்கு மூட்டையைக் கண்டாலே ஆகாது. "சார், நீங்க நல்லவரு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இது ரத்தத்துலயே ஊறினது. என்னைக்காவது ஒருநாள் வெளிய வரும்" என்பார். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மூட்டை என் காலுக்குப் பின்னால் நின்று, ஏதோ ஆபத்தான நாயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் மாடியில் இருக்கும் நாய் டாக்டரம்மா இதற்கு நேர் எதிர். "பிறவியிலேயே கெட்ட நாய்னு ஒண்ணு கிடையாது. வளர்க்கிறவங்க சரியில்லன்னாதான் நாய் கெட்டுப்போகும்" என்று அடித்துச் சொல்வார். இவர்கள் இருவரும் லிஃப்டில் சேர்ந்து ஏறினால் மற்றவர்கள் படியில் போய்விடுவோம்.

கீழ்வீட்டு டியூஷன் டீச்சரிடமும் ஒரு நாய் உண்டு, பஞ்சு என்று பெயர். ரிப்பன் கட்டிக் கைப்பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற அளவு. அது பேப்பர் போடுகிறவரைக் கடித்தது, மீட்டர் பார்க்க வந்தவரைக் கடித்தது, பிளம்பரைக் குழாயோடு சேர்த்துக் கடித்தது. ஒவ்வொரு தடவையும் டீச்சர், "விளையாடறான் செல்லம்! அவனுக்கு யூனிஃபார்ம் போட்டவங்களைக் கண்டா ஆகாது" என்பார். பிளம்பர் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் யூனிஃபார்மே போடலியேம்மா" என்றபோது, "அதான் அவனுக்குக் குழப்பமாயிடுச்சு, பாவம்" என்று நாயைத் தடவிக்கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிளம்பரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

போன வாரம் கூரியர்காரர் கேட்டருகில் காலைத் தூக்கிக்கொண்டு, "நாய் கடிச்சிடுச்சு" என்று கத்தினார். அவர் சொன்னது அவ்வளவுதான். எந்த நாய் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. செயலாளர் விசிலை ஊதிய ஊதில் மொத்தக் குடியிருப்பும் கார் நிறுத்துமிடத்தில் கூடிவிட்டது. எல்லாரும் என் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் இறங்கிப் போய்க் காயத்தைப் பார்த்தேன். ஸ்டேப்ளர் பின் போட்டது மாதிரிப் பொடிப் பொடியாக வரிசை. "ஐயா, மூட்டையோட வாய் இந்தக் கணுக்கால்ல பட்டிருந்தா அடையாளம் இருந்திருக்கும், கணுக்கால் இருந்திருக்காது" என்றேன். என் கட்சிக்குச் சாதகம் என்று நினைத்துத்தான் சொன்னேன். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

மறுநாள் காலையில் அதே இடத்தில் அவசரக் கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் போட்டு. பிரதிவாதியும் ஆஜராக வேண்டும் என்றதால் மூட்டையையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கென்று பார்த்து எனக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன், கண் இருட்டுகிறது. உங்கள் தம்பி மனைவி மனமிரங்கி, "இதைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்று கையில் பிஸ்கட் கொடுத்தாள். அந்த வாக்கியத்தை அவள் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செயலாளர் எழுந்து ரத்தம் என்றார், டாக்டரம்மா வளர்ப்பு என்றார். அவர் ஜாதி என்றார், இவர் எஜமானர் என்றார். டாக்டரம்மா ஒரு சோதனை சொன்னார்: "சாப்பிடும்போது தட்டைப் பிடுங்குங்க, நாயோட லட்சணம் தெரிஞ்சிடும்." மூட்டையின் தட்டைக் கொண்டுவந்து வைத்தோம், நான் போய்ப் பிடுங்கினேன். அது என்னைப் பார்த்தது, என் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது, தட்டில் மிச்சமிருந்ததையும் மூக்கால் என் பக்கமே தள்ளிவிட்டது. டாக்டரம்மா கைதட்டினார். செயலாளருக்கு முகம் சிவந்துபோய், "அது எஜமான்கிட்ட நடிக்குது சார்! அன்னியன் பிடுங்கணும். இதோ, ஒரு உதாரணத்துக்கு, நீங்கதான் அந்த நாய்னு வச்சுக்குங்க. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. நான் வந்து படக்னு பிடுங்கறேன். அப்ப அது என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே என் வாயருகில் போன பிஸ்கட்டை நிஜமாகவே பிடுங்கினார்.

அக்கா, நான் கடித்துவிட்டேன்.

எப்படி நடந்ததென்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தபோது பிஸ்கட் இருந்தது, மூடும்போது அவர் கட்டைவிரல் இருந்தது. அவர் விசிலை ஊதினார், அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூட்டை இதைப் பார்த்து வெலவெலத்துப் போய் டாக்டரம்மாவின் நாற்காலிக்கடியில் தலையை விட்டுக்கொண்டது. டாக்டரம்மா முதலில் வாயைத் திறந்து உங்கள் தம்பி மனைவியிடம் என்ன கேட்டார் தெரியுமா? "இவருக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கா?" அவளும் நிதானமாக, "சர்க்கரைக்குப் போட்டுக்கறாரு" என்கிறாள்! நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. கட்டைவிரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்ட செயலாளர், "நான் அப்பவே சொன்னேன், ரத்தத்துல ஊறினது" என்றார். டாக்டரம்மா, "அதெப்படி? நேத்துவரைக்கும் சாதுவா இருந்தவரு. வீட்ல எப்படி நடத்தறாங்கன்னு பாக்கணும். பட்டினி போடறாங்களா, சத்தம் போடறாங்களா, வெளிய கூட்டிட்டுப் போறாங்களா?" என்று உங்கள் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். அவளுக்கு வந்ததே கோபம்! "எங்கிட்ட வரும்போதே முழுசா வளர்ந்துதான் வந்தாரு. நான் வளர்க்கல. அவங்க பரம்பரையைப் போய்க் கேளுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். டியூஷன் டீச்சர் மட்டும்தான் எனக்காகப் பேசினார். "விளையாடினாரு. அவருக்கு விசில் போட்டவங்களைக் கண்டா ஆகாது" என்றார். கூரியர்காரரின் கணுக்கால் பேச்சே அதோடு போயிற்று. பஞ்சு டீச்சரின் மடியில் உட்கார்ந்து நீதிபதி மாதிரிக் கொட்டாவி விட்டது.

இப்போது நான் கண்காணிப்பில் இருக்கிறேன். தனியாக லிஃப்டில் ஏறக் கூடாது. வெளியே போனால் உங்கள் தம்பி மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், எதிரே யாராவது வந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும். வாசலில் தொங்கிய 'நாய் ஜாக்கிறதை' பலகையில் நாயை அழித்துவிட்டு 'இவர்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் 'றதை'யைத் திருத்தி 'ரதை' ஆக்கிவிட்டு வந்தேன், அதற்கு மேல் திருத்த அதில் எனக்கு உரிமை இல்லை. நேற்று வந்த கூரியர்காரர் கதவைத் தட்டிவிட்டு, "சாரை உள்ள வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் பார்சலை நீட்டினார், மூட்டையின் தலையைத் தடவிக்கொண்டே! குழந்தைகள் எல்லாம் மூட்டையின் மேல் ஏறி விளையாடுகின்றன. அது மட்டும் சாயந்திரம் ஆனால் வந்து குடம் போன்ற தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறது. அந்தப் பாரத்தில் எனக்குக் கால் மரத்துப் போகிறது, இருந்தாலும் எடு என்று சொல்ல மனம் வரவில்லை. ரத்தமா வளர்ப்பா என்று இவ்வளவு பேர் பேசினார்களே, பசித்தவன் வாயிலிருந்து பிடுங்கினது யார் என்று ஒருத்தர் கேட்டார்களா அக்கா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ரத்தம் என்று முடிவானால் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும், மூட்டை இருக்கலாமாம். வளர்ப்பு என்று முடிவானால் உங்கள் தம்பி மனைவி டாக்டரம்மாவிடம் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். "நான் ஏன் போகணும்? அதுக்கு நீங்க காலி பண்ணிட்டே போகலாம்" என்கிறாள். ஆகவே நீங்கள்தான் கதி. நம் குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள், உங்கள் வார்த்தைக்கு எங்கேயும் எடை உண்டு. உடனே புறப்பட்டு வந்து கூட்டத்தில் நின்று, "எங்க வம்சத்துல யாரும் யாரையும் கடிச்சதில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். உங்களைப் பார்த்தாலே அவர்களுக்கு விளங்கிவிடும்.

அத்தானுக்கு என் நமஸ்காரங்கள். வீட்டில் சிறியவர்கள் எல்லாரும் எல்லா நலமும் பெற்று, கையில் எடுத்ததை நிம்மதியாகச் சாப்பிடும் பாக்கியத்தோடு நீடு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் அன்புத் தம்பி.

பி.கு.: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டு மருமகள் போன் செய்தாள். இன்று காலை பல் டாக்டர் "ஆ காட்டுங்கம்மா" என்றாராம், நீங்களும் காட்டினீர்களாம், அவர் விரலை எடுப்பதற்குள் மூடிவிட்டீர்களாம். நர்ஸ் வந்து மூக்கைப் பிடித்த பிறகுதான் திறந்தீர்களாம், டாக்டருக்குத் தையலாம். "இவங்க எப்பவுமே இப்படியா?" என்று அவர் கேட்டதற்கு அத்தான், "அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்" என்றாராம். அக்கா, தயவுசெய்து புறப்பட வேண்டாம். உங்கள் தம்பி மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். செயலாளர் விரல் கட்டைக் காட்டிச் சமாதானம் பேச வந்து எங்கள் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு மெதுவாக எழுந்தார், என் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை போனார்.