ஒட்டகச்சிவிங்கிக்கு மணியடித்தவர்

ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து சைக்கிள் மணியடித்து, "ஓரமாப் போப்பா" என்று சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் புதுக்கோட்டையில் எங்கள் தெருக்காரர். பெல்லு அண்ணன் என்றால் சமஸ்தானம் முழுக்கத் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கக்கூடும்.

மணியடிக்க அவருக்குக் காரணம் வேண்டியதில்லை. கோயிலைக் கண்டால் ஒரு தடவை, காக்கையைக் கண்டால் ஒரு தடவை, ஆளில்லாத ரோட்டில் ஆளில்லையே என்பதற்காக ஒரு தடவை. மணிக்கு அடுத்தபடி அவருக்கிருந்த பெருமை மஞ்சுவிரட்டு. காளைக்கு முன்னால் குப்புறப் படுத்துத் தப்பித்தவர்களை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "படுத்தவன்லாம் பேசப்புடாது" என்று வாயை அடைத்துவிடுவார்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருடங்களில் நாங்கள் இருவரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். ஒரு லீவில், ஆளுக்கொரு சைக்கிளில் காட்டு ரோட்டில் போய் ஒரு மலை ஏறி வரலாம் என்றார்.

"சிங்கம் இருக்குமேண்ணே."

"இருக்கட்டுமே. அது பாட்டுக்கு அது இருக்கு, நாம பாட்டுக்கு நாம போறோம்."

போனோம். வரிக்குதிரைக் கூட்டத்தைப் பார்த்து, "இத்தனை கழுதைக்கும் ஒக்காந்து பட்டை அடிச்சவனுக்கு என்ன பொறுமை!" என்று வியந்தார். ஒட்டகச்சிவிங்கி ரோட்டை மறித்தபோது நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். அது ஒதுங்கிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச தூரத்தில், வயிறு புடைக்கத் தின்றுவிட்டு ஒரு சிங்கம் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டே கடந்தார். "பெரிய மனுஷங்க தூங்குறப்ப மரியாதை வேணாமா?" என்றார் அப்புறம்.

மலையடிவாரத்தில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு ஏறினோம். இறங்கும்போது என் கணுக்கால் பிசகிவிட்டது. அவர் தோளைப் பிடித்து நொண்டியபடி கீழே வந்தால், சைக்கிளுக்குச் சற்றுத் தள்ளி ஒற்றைக் காட்டெருமை நிற்கிறது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அண்ணன் மாட்டுச் சந்தைக்கு வந்தவர் மாதிரி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்பு நல்லாத்தான் இருக்கு. திமிலைக் காணமே. எதைப் புடிச்சு அணையறது?"

"அண்ணே, எதையும் புடிக்க வேணாம்ணே!"

காட்டெருமை தலையைத் தாழ்த்தியது.

"ஒன்னால ஓட முடியாதுல்ல? குப்புறப் படுத்துக்க. படுத்தவன மாடு முட்டாது."

"இது நம்ம ஊரு மாடு இல்லைண்ணே!"

"மாட்டுல என்னடா நம்ம ஊரு, அசலூரு? படு!"

படுத்தேன். மூக்கு மண்ணில் புதைந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை, கேட்டேன். அண்ணன் ஓடிப்போய் சைக்கிளில் ஏறி, விடாமல் மணியடித்தார். என்னை நோக்கி வந்த குளம்புச் சத்தம் திரும்பி மணிக்குப் பின்னால் போயிற்று. மணி தூரமாயிற்று. இன்னும் தூரமாயிற்று. அப்புறம் நின்றுவிட்டது.

அந்த மணிக்காக அவரை நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கு, அது இன்னொரு தடவை அடிக்க வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அடித்தது. முன்சக்கரம் கோணிய சைக்கிளைத் தூக்கித் தூக்கி உருட்டிக்கொண்டு, கையெல்லாம் முள் கீறலோடு, மணியடித்தபடி வந்தார். ஒரு பள்ளத்தில் கவிழ்ந்தாராம். எருமை அவரைத் தாண்டிக் குதித்து அது பாட்டுக்குப் போய்விட்டதாம்.

"நானும் படுத்துட்டேன்டா" என்றார் சுரத்தில்லாமல். "யாருட்டயும் சொல்லிப்புடாத."

சொல்லவில்லை. அவர் படுத்ததை மறைத்து, நான் படுத்ததை மட்டும் ஆபீசில் சொன்னேன். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்தக் கதை கப்பலேறி புதுக்கோட்டைக்கு வந்துவிட்டது. எனக்கு வல்லத்திராக்கோட்டையில் பெண் பேசியிருந்த நேரம் அது. பெண்ணின் தகப்பனார் மஞ்சுவிரட்டுக் காளை வளர்ப்பவர். அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ளை மாட்டப் பாத்துப் படுத்துட்டாராமுல்ல? எங்க வகையறாவுல அப்படிப்பட்டவுகளுக்குப் பொண்ணு குடுத்ததில்லீங்க."

அந்தப் பெண்ணைக் கோயிலில் ஒரு முறை பார்த்திருந்தேன். அவளில்லை என்றால் திரும்பவும் கப்பலேறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் நான் படுத்தது உண்மைதான் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் தொடையைக் கிள்ளினார்.

"படுத்தது நானுங்க" என்றார், கூடியிருந்த பங்காளிகள் எல்லாரும் கேட்கும்படி. "பள்ளத்துல குப்புறக் கெடந்தேன். தம்பிதான் பெல்லு அடிச்சு மாட்டை அங்கிட்டு இழுத்துக்கிட்டுப் போச்சு."

கல்யாணம் நடந்தது. அதோடு மஞ்சுவிரட்டுத் திடலில் அண்ணனின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலே, "படுத்தவன்லாம் பேசப்புடாது" என்று நேற்று முளைத்தவர்கள்கூடச் சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டு ஒரு தடவை மணியடிப்பார்.

என் மனைவிக்கு உண்மையைக் கல்யாணமான மறுவாரமே சொல்லிவிட்டேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் சாப்பிட வரும் நாளில் தெருக்கோடியிலேயே மணி கேட்கும். அவள் அடுப்படியிலிருந்து எனக்குக் குரல் கொடுப்பாள்:

"எந்திரிச்சு வாங்க, மாடு போயிருச்சு. அண்ணன் வந்துட்டாரு."