காஜாக்கா தர மறுத்த கோட்டு

எங்கள் மலையூரான தானா ராத்தாவில் காஜாக்காவுக்கு முன்னால் கையைத் தூக்கிக் குனிந்து காட்டாத ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லாரும், போலீஸ் சார்ஜன்ட் முதல் பங்குத் தந்தை வரை, குனிந்தவர்கள்தான். நானும் குனிந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய சாலைக்குப் பின்வரிசையில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது காஜாக்காவின் குடும்பப் பட்டறை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், துரைமார் துணிகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து ஸ்திரி போட்டுத் தாத்தா தொடங்கிய தொழில். அப்பா அதை டவுனுக்குக் கொண்டுவந்தார். இப்போது மூத்த மகள் காஜாக்காவும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். ஊர்த் தையற்காரர்கள் வெட்டித் தைத்து அனுப்பிவிடுவார்கள். காஜா, பொத்தான், கொக்கி, ஓரம் மடிப்பது, பிசிறு வெட்டுவது, ஸ்திரி போடுவது என்று கடைசி வேலையெல்லாம் இங்கேதான். மூடுபனியில் பாதி ஈரமாக வந்து சேரும் துணியும் இவர்கள் ஸ்திரிப் பெட்டியின் சூட்டில்தான் காய வேண்டும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. குறை அந்த வீட்டுச் சட்டத்தில் இருந்தது. துணிக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து, போட்டு, இரண்டு கையையும் தூக்கி, உட்கார்ந்து எழுந்து, கொழுந்து எடுக்கிற மாதிரி குனிந்து காட்டினால்தான் துணி வாசலைத் தாண்டும்.

தாத்தா காலத்தில் தோட்டத்துக் கணக்குப் பார்த்த கிராணி ஒருவர், துரையின் தொப்பி கீழே விழுந்ததும் எடுத்துக் கொடுக்கக் குனிந்தாராம். கால்சட்டை பின்னால் பிளந்துவிட்டது. துணி மட்டமானது, வெட்டியவன் அவசரக்காரன், கிராணிக்குத் தொந்தி. ஆனால் அடி வாங்கியது தாத்தா. "கடைசியா தொட்டவன் யாருன்னுதான் எல்லாரும் கேப்பாங்க தம்பி" என்பார் காஜாக்கா. இந்த உலகத்தின் மேல் அவருக்கிருந்த வழக்கு மொத்தமும் இந்த ஒரு வரிதான். கிராணியும் போய், துரையும் போய், தோட்டத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் இயந்திரத்தில் கொழுந்து வெட்டும் இந்தக் காலத்திலும் வழக்கு முடியவில்லை.

சார்ஜன்ட் சீருடை வாங்க வந்தபோது காஜாக்கா, திருடனைப் பிடிக்க ஓடுவது உண்டா இல்லையா என்று விசாரித்தார். உண்டு என்றதும் மாடிப்படியில் மேலும் கீழும் ஓடவிட்டார். பங்குத் தந்தை அங்கி வாங்க வந்தார். அவரையும் முழங்காலிட்டு எழுந்து, கையை விரித்து ஆசீர் கொடுத்துக் காட்டச் சொன்னார் காஜாக்கா. ஃபாதர் கொடுத்தார். காத்திருந்த இரண்டு தையற்காரர்கள் ஆமென் சொன்னார்கள். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறவர் கால்சட்டைக்கு வந்தபோது, லாரியில் ஏறுவதுபோல ஸ்திரி மேசையில் ஏறிக் காட்டச் சொல்ல, மேசைக் கால் முறிந்தது. விழுந்து கிடந்த மனிதரைக் காஜாக்கா சுற்றிவந்து தையலைப் பார்த்துவிட்டு, "தையல் நிக்குது, எந்திரிங்க" என்றார். கோலாலம்பூரிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு பையன் பிய்ந்த பொத்தானை வைத்துத் தரச் சொல்லி மாட்டிக்கொண்டான். அவன் கொழுந்து எடுத்ததை அவன் மனைவியே கைப்பேசியில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள்.

நான் பத்திரிகை வேலை நேர்காணலுக்குப் போட வேண்டிய சட்டையை வாங்கப் போனேன். பேப்பர்காரன் என்றால் ஓடிக்கொண்டே எழுத வேண்டியிருக்கும், எழுதிக்கொண்டே ஓடு என்றார். நின்ற இடத்தில் ஓடி, காற்றில் எழுதினேன். பட்டறையே பார்த்தது.

குனியாத அந்த ஒருவர் லண்டன் டெய்லர். ஈப்போவைத் தாண்டி எங்கும் போனதில்லை. கடைப் பலகையில் லண்டன் என்று போட்டிருந்ததால் அந்தப் பெயர். ஊரார் துணியையெல்லாம் காஜாக்காவிடம் அனுப்புவார், தன் துணியை மட்டும் அனுப்ப மாட்டார். மகன் அருளின் கல்யாணத்துக்குத் தனக்கென்று ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்தார். கோட்டுக்குக் காஜா போடக் காஜாக்காவை விட்டால் ஆள் கிடையாது. கொடுத்தார், வாங்கப் போனார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"என் கையால வெட்டுன கோட்டு. அதுக்கு நான் ஒனக்குத் தோப்புக்கரணம் போடணுமா?"

"போட வேணாம் டெய்லரே. கோட்டும் வேணாம். சூசா இல்ல லா, ஒரு கஷ்டமும் இல்ல."

கோட்டு ஆணியிலேயே தொங்கியது. கல்யாணத்துக்கு அவர் முழங்கை பளபளத்த பழைய கோட்டில் வந்தார். காஜாக்காவும் வந்தார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா கோட்டு முதுகில் இழுக்கிறது என்று அடுத்த பந்திக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து டெய்லர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. மறுநாள் மதியம் அடக்கம். அந்தப் புதுக் கோட்டில்தான் அவரை அனுப்ப வேண்டும் என்று அவர் மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டார். காலையில் அருளுடன் நானும் படியேறினேன்.

கோட்டு ஆணியில் இருந்தது. மேலே தூசு படாமல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அருள் விஷயத்தைச் சொன்னான். காஜாக்கா ஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"டெய்லர் போட்டுக் காட்டலையே."

"அத்த, அப்பா எப்படி அத்த வருவாரு?"

மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். காஜாக்கா கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"அவரு வர முடியாதுன்னா நான் போறேன். அதுல என்னா இருக்கு?"

வீட்டில் சவப்பெட்டிக்காரர் தயாராக இருந்தார். உடம்பு விறைத்திருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் கோட்டின் முதுகை மேலிருந்து கீழே வெட்டி, முன்பக்கமாகச் சொருகிவிடுவது வழக்கம் என்று விளக்கினார். படுத்திருப்பவரின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். கத்தரியும் எடுத்துவிட்டார்.

காஜாக்கா கோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "முதுகு கிழிஞ்ச கோட்டோட இவரு சாமி முன்னால போய் நிக்கணுமா? அங்க வரிசையில பின்னால நிக்கிறவன் பாக்க மாட்டானா? கடைசியா தொட்டது யாருன்னு கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

சவப்பெட்டிக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். மூடுபனி இறங்கி, சவ வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டது. உள்ளே நாங்கள் நான்கு ஆண்கள் வியர்த்து வழிந்தோம். காஜாக்கா தோளையும் முழங்கையையும் பிடித்துப் பிடித்து இளக்கினார். பெலான் பெலான், மெல்ல மெல்ல என்று எங்களை அதட்டினார். முதலில் ஒரு கை உயர்ந்தது, பிறகு மற்றது. லண்டன் டெய்லர் இரண்டு கையையும் தூக்கினார். முதுகுப் பக்கம் இழுத்துவிடுவதற்காக அவரை உட்கார வைத்தோம். பின்னர் இடுப்பில் முன்னால் சாய்த்தோம். சொந்தக்காரப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இது அக்கிரமம் என்று எனக்கும் தோன்றியது. சொல்ல மூச்சு இல்லை.

காஜாக்கா மட்டும் குனிந்து, அக்குள் தையலில் விரலை ஓட்டினார். முதுகைத் தடவினார். தோள்பட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"எங்கயும் இழுக்கல. நல்லா வெட்டியிருக்கீங்க, டெய்லரே."

காலையிலிருந்து கண் கலங்காமல் உட்கார்ந்திருந்த டெய்லரின் மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதார். காஜாக்கா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார், யாரையும் தொடவிடவில்லை. பூசை தாமதமாகத்தான் தொடங்கியது. ஊர் அதை இன்னும் பேசுகிறது. துக்க வீட்டில் அப்படி நடந்துகொண்டது தவறு என்பதுதான் என் கருத்தும். அவரிடம் நேராகவே சொன்னேன். ஸ்திரி வேலையை நிறுத்தாமல், தூரப் போய் நில்லு, நிழல் விழுது என்றார்.

போன மாதம் மறுபடியும் பட்டறைக்குப் போயிருந்தேன். போட்டிருந்த சட்டை புதிது, ஒரு குறையும் கிடையாது. மளிகைக் கடை வாசலில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, நடுப் பொத்தானை நானே பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு படியேறினேன்.