அட்டைப்பெட்டி அண்ணாச்சியும் ஆறடிக்காரன் சைக்கிளும்

"...ஆகையினால பெட்டி சரியாத்தாம்லே எடுத்திருக்கேன். சரக்கு வந்து சேரத்தான் நாளாயிருச்சு" என்று அட்டைப்பெட்டி அண்ணாச்சி சொன்னபோது எங்களில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும். விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் சலித்து எடுத்தாலும், தன் தப்பை ஒத்துக்கொள்ளாத ஆட்களில் இவரை மிஞ்ச ஒருத்தர் கிடைக்க மாட்டார்.

பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அடித்துக் கொடுப்பது அவர் தொழில். பட்டாசு ஊரான நாரணாபுரத்தில் ஏறுகிற லோடில் பாதி இவர் பெட்டியில்தான் ஏறும். ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டியதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க்கரை, கருவேலங்காடு என்று மேடு பள்ளத்தில் சைக்கிள் மிதிக்கிற எங்கள் கூட்டத்தில் வந்து சேர்ந்தார்.

அதற்கென்று இருக்கிற கியர் சைக்கிள் வாங்க மதுரைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு காலளவு பார்க்க வந்தது. "சைக்கிள் வாங்க வந்தா காலை அளக்கான். டவுசரா தைக்கப் போறான்?" என்றார் என்னிடம். தம்பி பொறுமைசாலி. சைக்கிளின் இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால் குறுக்குக் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் வேண்டும், காட்டுப்பாதையில் சட்டென்று காலை ஊன்ற வேண்டி வரும் என்று விளக்கிவிட்டு, "உங்களுக்கு ஸ்மால் போதும் சார்" என்றது.

ஸ்மால். குலதெய்வத்தையே வைதுவிட்ட மாதிரி நின்றார் அண்ணாச்சி. ஸ்மாலுக்கும் எக்ஸ்ட்ரா லார்ஜுக்கும் ஒரே விலை என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"சின்னச் சரக்கைப் பெரிய பெட்டியில வச்சிரலாம் தம்பி. பெரிய சரக்கைச் சின்னப் பெட்டியில வைக்க முடியுமா? சொல்லும் பாப்போம்."

கடைக்காரத் தம்பி சிவகாசிப் பெட்டி வியாபாரிகளைப் பார்த்ததில்லை. எக்ஸ்ட்ரா லார்ஜுக்கே பில் போட்டுவிட்டது. ஆறடிக்காரன் ஓட்டவேண்டிய சைக்கிள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஏறுவதற்கு ஒரு மைல்கல் வேண்டும். இறங்குவதற்கு இன்னொரு மைல்கல் வேண்டும். நடுவில் கல் இல்லையென்றால் நிற்க மாட்டார், ஏனென்றால் முடியாது. ஒரு தடவை ஆமத்தூர்ப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் காலை ஊன்றி நிற்க, இவர் சரக்கு ரயில் முழுசும் போய் முடிகிற வரைக்கும் ரோட்டிலேயே வட்டமடித்தார். டவுன் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா, "எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீக?" என்று அக்கறையாகக் கேட்டது. "எக்சர்சைஸ்மா" என்றபடி அடுத்த வட்டத்துக்குப் போனார்.

சைஸ் தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். பட்டாசு கிஃப்ட் பாக்ஸில் இடம் மிச்சமிருந்தால் அட்டையைக் கொடுத்து அடைப்பது தொழில் பழக்கம் இல்லையா? செருப்புக்கு அடியில் அட்டையை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வந்தார். ஐப்பசி மழையில் அது ஊறிக் களியாகிப் பெடலிலேயே தங்கிவிட, அண்ணாச்சி மட்டும் கீழே வந்தார். "பசை சரியில்ல" என்றார் சேற்றில் கிடந்தபடி.

எங்கள் கூட்டத்தில் மாரீஸ்வரி என்று ஒரு பெண். காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. பனை உயரம். பெண்பிள்ளைக்கு இதுதான் என்று ஏதோ ஒரு கடைக்காரர் அவள் உயரத்தைப் பார்க்காமலேயே ஸ்மாலைத் தலையில் கட்டிவிட்டார். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டிலை இடிக்கும். போன வருஷம் கண்மாயைச் சுற்றி நாங்கள் நடத்துகிற போட்டியில் முட்டிவலி தாங்காமல் பாதியில் இறங்கி, தள்ளிக்கொண்டே வந்தாள். இந்த வருஷப் போட்டியன்று காலை, டிராக்டர் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி அவளிடம் கேட்டார்.

"ஏந்தாயி, முட்டி இன்னும் வலிக்கா?"

"வலிக்காம இருக்குமா அண்ணாச்சி? இந்த மட்டமும் பாதியில எறங்குனா சைக்கிளை வித்துட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான்."

அண்ணாச்சி அவள் காலைப் பார்த்தார். தன் குறுக்குக் கம்பியைப் பார்த்தார். டிரெய்லரைத் தழுவிக்கொண்டு வழுக்கி இறங்கி, "இதுல ஏறு" என்றார். அவள் கால் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருக்க, கம்பிக்கு மேலே மதுரைத் தம்பி சொன்ன அதே நாலு விரல் இடம் இருந்தது. சீட்டை ஏற்றிக் கொடுத்தோம். போட்டி தொடங்கியதும் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன சின்ன சைக்கிளில் அண்ணாச்சி ஏறிக்கொண்டார். மடை தாண்டி மாரீஸ்வரி கண்ணுக்கு மறைந்தபிறகு, முட்டி தாங்குமா தாங்காதா என்று போட்டி நடத்துகிற நாங்களும் அண்ணாச்சியும் முடிவுக்கோட்டிலேயே காத்துக் கிடந்தோம். ரொம்ப நேரம் கழித்துக் கடைசி வளைவில் தலை தெரிந்தது. இறங்கவில்லை. மிதித்துத்தான் வந்தாள்.

"இப்பவாவது ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி, நீங்க எடுத்த சைஸ் தப்புதானே?" என்றேன். அப்போதுதான் முதல் வரியில் இருக்கிற பெட்டிக் கணக்கைச் சொன்னார். திருந்தாத ஜென்மம்.

சொல்லிவிட்டு, பக்கத்தில் கல்லும் இல்லாமல் டிரெய்லரும் இல்லாமல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றபடி, எங்கள் அண்ணாச்சி ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார்.