ஏரியைப் பார்த்துவிட்டு வந்த நாற்காலி

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். சக்கர நாற்காலியும், இடது பக்கச் சக்கரம் நீங்கலாக, நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பதற்கு இந்தக் கடிதம் இடைஞ்சலாக இருக்காது என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் போனில் ஓர் உதவி கேட்டீர்கள். உங்கள் பூங்காத் துறை ஏரியோரமாகப் போட்டிருக்கும் ‘எல்லோருக்குமான இயற்கைப் பாதை’யைப் பற்றிச் சக்கர நாற்காலியில் போகிற ஒருவர் கைப்பட எழுதிய பாராட்டுக் கடிதம் இருந்தால் மேலதிகாரிகளிடம் காட்டலாம், அதைக் காட்டினால் பாதையின் அடுத்த பகுதிக்கும் அனுமதி கிடைக்கும் என்றீர்கள். குடும்பத்திலேயே ஒருவர் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்றும் சொன்னீர்கள். உங்கள் அத்தை அன்றைக்கே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். “நாலு வரி நல்லதா எழுதி அனுப்பிடுங்க. மாப்பிள்ளை விஷயத்துல டேப்பத் தூக்கிக்கிட்டுக் கெளம்பாதீங்க” என்றாள். நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் படம் வரைந்தவன். சரிபார்க்காத எதிலும் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. தவிரவும், ஏணியிலிருந்து விழுந்த இந்த இரண்டு வருஷமாக என் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். தொட்டிக்குள் அடைபடாத தண்ணீரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதை உங்கள் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சி பிடித்துப் போனோம். நான், உங்கள் அத்தை, எதிர்வீட்டு ரேடியோ. ரேடியோ என்றால் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த மனிதர். கண் பார்வை கிடையாது, வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். பார்வையில்லாதவர்களுக்கும் அங்கே வசதி உண்டு என்று நீங்கள் சொல்லியிருந்ததால் அவரையும் கூட்டிக்கொண்டேன். இறங்கியதும் பெரிய பலகை. பலகையில் சக்கர நாற்காலிப் படம். நாற்காலியில் இருக்கிறவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளே போய்விட்டவர் என்பது பிறகுதான் புரிந்தது. ஏனென்றால் பலகைக்குப் பக்கத்தில்தான் வாசல். வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து, ஆள் ஒருக்களித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு திருப்பம் திரும்பி உள்ளே போகிற மாதிரி ஒரு தடுப்பு. டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். என் நாற்காலி இருபத்தாறு. காவலாளியிடம் கேட்டேன். “மோட்டார் சைக்கிள் வராம இருக்கணும்னு வச்சதுங்க ஐயா. ஆபீஸ் படத்துல உள்ளபடி அப்படியே வச்சிருக்கு. ஒரு நூல் மாத்தல” என்றார். மாப்பிள்ளை, தொழில்காரனாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதை வரைந்தவன் கைவேலை சுத்தம். மாடு நுழையாது, சைக்கிள் நுழையாது, கொஞ்சம் பருமனான மனிதரும் நுழையமாட்டார். ஆனால் நாற்காலியில் ஒரு மனுஷன் வருவான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்காத முட்டாள் அவன். ஆள் யாரென்று விசாரித்துச் சொல்லுங்கள். நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

காவலாளி நல்ல மனிதர். “ஐயாவ என் ஸ்டூல்ல உட்கார வைப்போம். மொதல்ல நாற்காலிய மேலால தூக்கி உள்ள விட்டுடுவோம். பின்னாடியே ஐயாவத் தூக்கிடலாம்” என்றார். அப்படியே நாற்காலி உள்ளே போனது. நான் வெளியே ஸ்டூலில் இருந்தேன். இனி என்னை யார் கால் பக்கம் பிடிப்பது, யார் தலைப் பக்கம் பிடிப்பது என்று பேச்சு நடந்தது. உங்கள் அத்தைக்கு இடுப்பு வலி, ரேடியோவுக்குக் கால் எது தலை எது என்று சொல்ல வேண்டும். பிரேக்கை உங்கள் அத்தை போட்டிருப்பாள் என்று காவலாளி நினைத்தார், காவலாளி போட்டிருப்பார் என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் நாற்காலி கிளம்பிவிட்டது. மெதுவாகத்தான் போனது. இருபது அடிக்கு ஓர் அடிதான் சரிவு என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. திருப்பத்தில் ஓர விளிம்பில் லேசாக உரசித் தானே திரும்பி, மூங்கில் புதரைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தது. உங்கள் பாதையை முழுதாகப் பயன்படுத்தியிருக்கும் ஒரே சக்கர நாற்காலி இன்றைய தேதிக்கு என்னுடையதுதான். நான் அதில் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

காவலாளி வாசலை விட்டு நகரக்கூடாதாம், உத்தரவாம். உங்கள் அத்தை என்னை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டாள். ஒல்லியான ரேடியோ ஒருக்களித்து உள்ளே போனார். முதலில் பிரெய்ல் பலகையைத் தேடிப் பிடித்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “மழையில நனையக்கூடாதுன்னு மேல கண்ணாடி போட்டு மூடி வச்சிருக்காங்கய்யா. நல்லாப் படிச்சுட்டேன். கண்ணாடி ரொம்ப சுத்தமா இருக்கு” என்று கத்தினார். பிறகு கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். அரைமணி நேரம் கழித்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது ஏரிக்கரையில், பார்வை மேடையில், தண்ணீரைப் பார்த்த மாதிரி நின்றிருந்ததாம். முழங்காலில் இடித்துத்தான் கண்டுபிடித்தாராம்.

“எப்படி இருக்கு ஏரி?” என்று கேட்டேன்.

“காத்து ஜில்லுன்னு வருது. ஏதோ ஒரு பறவை தண்ணிக்குள்ள விழுந்து விழுந்து எந்திரிக்குது. அதைக் கேட்டுக்கிட்டு நாற்காலிலயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன், கோவிச்சுக்காத” என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, மாப்பிள்ளை. அழுகையும் வந்தது. என்னை உள்ளே தூக்க ஆள் போதவில்லை, நாற்காலியைத்தான் திரும்ப வெளியே தூக்கினார்கள். டாக்சியில் உங்கள் அத்தை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அதையே பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே பாராட்டுக் கடிதம் கேட்டீர்களே, அதில் சரிவு நன்று, தளம் நன்று, கயிறு நன்று என்று எழுதுவேன். வாசலைப் பற்றி நன்று என்று எழுதமாட்டேன். சமைத்தவன் நல்லவன்தான், இலையைத்தான் பரணில் போட்டுவிட்டான். “மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதுவாங்க, பொண்ணு கண்ணக் கசக்கிட்டு வந்து நிக்கப் போறா” என்று உங்கள் அத்தை பின்னால் நின்று படித்துக்கொண்டே சொல்கிறாள். என் மகள் அளவு தெரிந்தவள், வரமாட்டாள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், உறுதியான முழங்கால்களோடும், அகலமான வாசல்களோடும் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து அனுப்பலாமே என்று, மாதிரிக்காக என் பழைய படச் சுருள்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். முதல் சுருளே ‘பூங்கா நுழைவாயில், மாதிரிப் படம் எண் பதினேழு’. இருபத்திரண்டு அங்குலம், இரண்டு திருப்பம். வலது பக்கக் கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து. ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்திலும் என் கையெழுத்துதான், பிரிவுத் தலைவர் அன்றைக்கு லீவு. மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று எனக்கு இந்த வயதில் தெரிந்தது. உங்கள் அத்தை அரைமணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால் தபால் தலை ஒட்டியாகிவிட்டது. முட்டாள் என்று எழுதியதையும் அடிக்கவில்லை, அது சரியாகத்தான் இருக்கிறது. புதுப் படம் இத்துடன் இருக்கிறது. முப்பத்தாறு அங்குலம், திருப்பம் கிடையாது. மோட்டார் சைக்கிள் வந்தால் காவலாளி பார்த்துக்கொள்ளட்டும். வரைந்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வாசலை மாற்றியதும் சொல்லுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளே போய், ஏரியைப் பார்த்துவிட்டு வந்து போடுகிறேன்.